வெறும் வண்டி மேல் ஒரு பெட்டிசம்

வெக்ஸ்போர்ட்
19 ஜனவரி 1997

மதிப்புக்குரிய திரு. நவரட்ணம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. வீதியில் தண்டவாளத்தில் போகும் ஸ்ட்ரீட்கார்களுக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைப் பராமரிக்கும் பகுதியில் பொறியியலாளராக இருக்கிறேன். எங்கள் சாரதி ஒருவர் மேல் நீங்கள் ஆங்கிலத்தில் முறைப்பாடு செய்து எழுதிய பெட்டிசத்தின் பிரதி என் மேசைக்கும் வந்தது. அதற்குக் கந்தோர் பதில் எழுதும். இது அந்தப் பதில் அல்ல. நான் தனியே எழுதுவது முறையில்லை என்பதும் தெரியும். ஆனால் கந்தோர் எழுதி முடிப்பதற்குள் ஒரு மனிதனின் வேலை போய்விடலாம்.

நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன். உறைமழை பெய்த அன்று விடியுமுன் ஜெராட் வீதித் தரிப்பில் நின்றீர்கள். உள்ளே விளக்கெல்லாம் எரிய, ஒரு பயணிகூட இல்லாமல் ஒரு வண்டி வந்தது. கை காட்டினீர்கள். சாரதி நம்மவர் என்று கண்டு, "தம்பி, நில்லும்!" என்று தமிழிலும் கத்தினீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், ஆனால் நிற்காமல் போனார். அந்தப் பார்வையில் அவமதிப்பு இருந்தது என்கிறீர்கள்.

அந்த வண்டி பயணிகளுக்கானது அல்ல. உறைமழை பெய்தால் மேலேயுள்ள கம்பியில் பனிக்கட்டி பிடிக்கும். வண்டியின் கூரையிலிருந்து போகும் தடி கம்பியைத் தொட்டால்தான் மின்சாரம். நடுவில் பனிக்கட்டி இருந்தால் தொடாது, வண்டி நின்றுவிடும். ஆகவே முதல் பயணி ஏறுமுன் வெறும் வண்டிகளை ஓடவிடுகிறோம். அவற்றின் தடி கம்பியை உரசி உரசிப் பனியை அகற்றிக்கொண்டு போகும். உங்கள் தரிப்பு ஏற்றத்தின் நடுவில் இருக்கிறது. அதில் நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது.

சாரதியின் பெயர் வின்சன்ற். மன்னார்ப் பிள்ளை. எனக்கு உறவில்லை, நீங்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டேன். "அக்கா, நான் அவரைக் கண்டனான். கையிலை ஒரு பையும் வச்சிருந்தவர். நிப்பாட்டினால் எனக்குப் பின்னாலை முழு லைனும் நிண்டிருக்கும்" என்றார். அவர் முகத்தில் நீங்கள் கண்டது அவமதிப்பாக இராது. பனிக்கட்டியில் வண்டி ஏற்றுகிறவனுக்கு வேறு முகம் வராது.

அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறார். வேலையை நிறுத்த ஒரு பெட்டிசம் போதும். மீளப்பெறுவதாக இரண்டு வரி எழுதினால் விஷயம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
யூஜினி செல்வரட்ணம்

*

ஜெராட் வீதி
22 ஜனவரி 1997

திருமதி யூஜினி செல்வரட்ணம் அவர்கட்கு,

தங்கள் 19ஆந் திகதிய கடிதம் தொடர்பாக.

1. முறைப்பாட்டாளரை உத்தியோகத்தர் ஒருவர் தனிப்பட அணுகுவது ஒழுங்கீனம் என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். நன்றி.

2. கல்விக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவன் நான். "கந்தோர் நடைமுறை அப்படி" என்ற பதிலை நானே எத்தனையோ ஆசிரியர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதன் பெறுமதி எனக்குத் தெரியும்.

3. வெறும் வண்டி ஓடத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓடுகிற வண்டியில் ஒரு கிழவன் ஏறுவதால் கம்பிக்கு என்ன நட்டம்? நிற்கக் கூடாது என்று கட்டளையிட்டவர் யார்? பெயர் வேண்டும்.

4. கம்பியில் ஐஸ் பிடிப்பதுதான் பிரச்சினையென்றால் மாரி தொடங்குமுன் நல்லெண்ணெய் பூசிவிடலாமே. இது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

5. அந்தப் பையில் என்ன இருந்தது என்று தாங்கள் கேட்கவில்லை. பிளாஸ்க்கில் உளுத்தங்கஞ்சி இருந்தது. என் மனைவி தையல்நாயகி பாரிசவாதம் வந்து கொலிஜ் வீதிப் பக்கத்து வைத்தியசாலையில் இருக்கிறா. அங்கே தருகிற எதையும் வாயில் வைக்கமாட்டா. தாதி ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பா. நான் ஊட்டினால் இறங்கும். காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நான் அங்கே நிற்க வேண்டும். வாயால் போதியளவு உண்ணாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பதாக டொக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குழாய் வைத்தால், பிறகு தான் வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை என்று அவ முடிவு கட்டியிருக்கிறா. அன்று அந்த வெறும் வண்டி போனபின் அடுத்தது வர வெகுநேரம். நான் போய்ச் சேர்ந்தபோது தட்டை எடுத்துவிட்டார்கள். அவவுடைய குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் 'உண்ணவில்லை' என்று எழுதியும்விட்டார்கள்.

6. ஆகவே மீளப்பெற முடியாது.

இங்ஙனம்,
சி. நவரட்ணம்
பிரதம லிகிதர் (ஓய்வு)

பிரதி: என் கோப்புக் கோவைக்கு

*

வெக்ஸ்போர்ட்
26 ஜனவரி 1997

மதிப்புக்குரிய திரு. நவரட்ணம் அவர்களுக்கு,

ஞாயிறு பூசைக்குப் போகாமல் இதை எழுதுகிறேன். கோயிலில் காத்திருக்கும் என் தங்கைக்கு என்ன சொல்வதென்று பிறகு யோசிக்கலாம்.

உங்கள் மனைவியைப் பற்றி அறிந்து வருந்தினேன். அது தெரிந்திருந்தால் முதற் கடிதத்தை வேறு விதமாகத் தொடங்கியிருப்பேன். முடிவு மாறியிராது.

நல்லெண்ணெய் வேண்டாம். அதற்குள்ளால் மின்சாரம் போகாது. கம்பியில் பூச என்றே ஒரு திரவம் இருக்கிறது, பூசத்தான் செய்கிறோம். ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு வெறும் வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

இந்தக் கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லிப் பயனில்லை. செவ்வாய்க்கிழமை காற்றுக் குழாய்களுக்குள் இருந்த ஈரம் உறைந்துவிட்டது. கதவும் பிறேக்கும் அந்தக் காற்றில்தான் வேலை செய்கின்றன. ஒரு வண்டியின் கதவு திறக்கவில்லை, இன்னொன்றின் கதவு மூடவில்லை. புதன்கிழமை தண்டவாளம் பிரிகிற இடத்தில் உப்புச் சேறு உறைந்து, நேரே போகவேண்டிய வண்டி பக்கத்து வீதிக்குள் திரும்பிவிட்டது. சாரதி இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அதைப் படம் எடுக்க ஒருவர் கமராவோடு வந்தார். தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. வியாழக்கிழமை மேலிடத்தில் ஒரு கூட்டம். வெறும் வண்டி ஓட்டுவது வீண் செலவென்று ஒருவர் விளக்கினார். அவர் காரில் வருகிறவர்.

உங்கள் மூன்றாவது பந்திக்குப் பதில். வெறும் வண்டி டிப்போவிலிருந்து லைன் முடிவு வரை எங்கும் நிற்கக் கூடாது, யார் கை காட்டினாலும் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது நான். ஒரு தரிப்பில் ஒருவருக்காக நின்றால் அடுத்ததில் மூன்று பேர் நிற்பார்கள். வேகம் குறைந்தால் தடி பனியை வெட்டாது, அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் வருகிற வண்டிகளிலும் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் பெட்டிசம் எழுதத் தெரியாதவர்கள்.

ஆகவே வின்சன்றின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரைப் போடுங்கள். எனக்குத் தகுதிகாண் காலம் முடிந்து பல வருடம். என்னை எளிதில் அசைக்க மாட்டார்கள்.

யூஜினி செல்வரட்ணம்

*

ஜெராட் வீதி
31 ஜனவரி 1997

யூஜினிப் பிள்ளைக்கு,

'அம்மணி' என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். உம்முடைய கடிதத்தைத் தையல்நாயகிக்கு வாசித்துக் காட்டினேன். பாரிசவாதத்துக்குப் பிறகு அவவுக்குப் பேச்சுக் குழறும், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராது. கார் வைத்திருக்கிறவர் கூட்டத்தில் விளக்கிய இடத்தில் சிரித்தா. அந்தச் சிரிப்போடு நாலு கரண்டி கூடுதலாக இறங்கியது. பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு... வேலையில்லை" என்றா. பெட்டிசத்தைத்தான் சொல்கிறா. கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லி வருகிறா.

மேலதிகாரி ஒருவர் தன் கட்டளையைத் தன் கட்டளை என்று எழுதிக் கையெழுத்து வைத்ததை என் சேவைக் காலத்தில் நான் கண்டதில்லை. நானும் அப்படி எழுதியதில்லை. ஆகவே பெட்டிசத்தை மீளப்பெறலாம் என்று தீர்மானித்தேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் கந்தோரில் பிரதி போடாத பெட்டிசத்தை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். அடியில் எத்தனை பேருக்குப் பிரதி என்று பார்த்துத்தான் எழுந்து நிற்பதா இருப்பதா என்று முடிவு செய்வார்கள். அந்தப் பழக்கத்தில் இதற்கும் பிரதி போட்டேன். உம்முடைய தலைவருக்கு ஒன்று. நகரசபை அங்கத்தவருக்கு ஒன்று. யூனியனுக்கு ஒன்று. பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று. தமிழ் வாரப்பத்திரிகைக்கு ஒன்று.

பத்திரிகையில் நேற்று வந்துவிட்டது. 'தமிழ் முதியவரை உறைமழையில் கைவிட்ட தமிழ்ச் சாரதி' என்று தலைப்பு. வோபர்ன் பக்கம் இருக்கிற என் மகள் தொலைபேசியில், "அப்பா, உங்களுக்கு விசரா?" என்றாள்.

என்ன செய்யலாம் என்று எழுதும்.

சி. நவரட்ணம்

பிரதி: கோவைக்கு

*

வெக்ஸ்போர்ட்
2 பெப்ரவரி 1997

திரு. நவரட்ணம் அவர்களுக்கு,

எனக்கு ஐம்பதை எட்டப் போகிறது. 'பிள்ளை' தேவையில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். அதை முத்திரை ஒட்டுமுன் கேட்டிருக்கலாம். நகரசபை அங்கத்தவர் எங்கள் தலைவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அதனால் வின்சன்றை வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது டிப்போவில் மணல் மூட்டை சுமக்கிறார். பனிக்கட்டியில் வண்டி ஏற்றத் தெரிந்த ஒரு சாரதி குறைவு, இந்தக் குளிரில்! அவருடைய தாய் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கோயிலில் குருவானவரிடம் காட்டி அழுதிருக்கிறா. "அம்மா இனி வெளியிலை போகமாட்டன் எண்டு நிக்கிறா, அக்கா" என்றார். உங்கள் மேல் ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டளை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோவையில், கோப்போடு கோப்பாக, வைத்துக்கொண்டார்கள். ஓர் ஆளை இறக்கிவிட்டோம் என்று காட்டுவது அவர்களுக்குச் சுலபம். ஒரு கட்டளை சரியா பிழையா என்று பார்க்கப் போனால் மின்சாரம் படிக்க வேண்டும்.

விசாரணை 13ஆந் திகதி வியாழன் காலை பத்து மணிக்குத் தலைமைக் கந்தோரில். முறைப்பாட்டாளர் நேரில் வந்து மீளப்பெற வேண்டும். வராவிட்டால் எழுத்தில் உள்ளபடி எடுத்துக்கொள்வார்கள். உங்கள் எழுத்து நல்ல எழுத்து. அதுதான் என் பயம்.

தயவுசெய்து வாருங்கள். வேறு யாருக்கும் எதையும் எழுதாதீர்கள்.

யூஜினி

*

ஜெராட் வீதி
8 பெப்ரவரி 1997

யூஜினி அவர்கட்கு,

உம்முடைய கடைசி வரிக்குமுன்பே எழுதிவிட்டேன். நகரசபை அங்கத்தவருக்கும் யூனியனுக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் மீளப்பெறுவதாகத் தனித்தனிக் கடிதம் போட்டாயிற்று. ஒருவரும் பதில் போடவில்லை. குற்றம் சாட்டி எழுதியபோது மூன்று நாளில் பதில் வந்தது. பத்திரிகைக்காரரிடம் நேரே போனேன். "அங்கிள், சாரதி நல்லவர் எண்டு போட்டால் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டுவிட்டு எனக்குத் தேத்தண்ணி தந்தான். குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பற்றி. டொக்டர்கள் அன்று காலைதான் குழாய் விஷயத்தை முடிவு செய்கிறார்கள். திங்களும் செவ்வாயும் அரைக் கோப்பை இறங்கியது. புதன் காலை நன்றாக உண்டா. வெள்ளி ஒன்றுமில்லை, சளி. வியாழன் காலைச் சாப்பாட்டை அவர்கள் நின்று பார்ப்பார்களாம். நான் கட்டிலடியில் இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பா. பிறகு மயக்கமருந்து கொடுத்து வெட்டுவார்கள்.

சில நாட்களில் அவ முழுங்கி முடிக்க வெகு நேரமெடுக்கும். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு விசாரணைக்கு ஓட என்னால் முடியாது. வின்சன்றின் தாயை நினைக்காமல் இதை எழுதவில்லை. வருவேன் என்று வாக்குத் தர முடியாமல் இருக்கிறேன். வரமாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

நவரட்ணம்

*

டிப்போ
12 பெப்ரவரி 1997

நவரட்ணம் அண்ணைக்கு,

இதை உங்கள் பக்கத்தால் போகிற ஒரு சாரதியின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலில் போட்டால் நாளைக்கு வராது.

விடியுமுன் உறைமழை என்று அறிவித்திருக்கிறார்கள். நான் விசாரணைக்கு வரமாட்டேன், லைனில் நிற்பேன். எனக்காகப் பேச ஒருவரும் வேண்டாம். வின்சன்றுக்காகப் பேச நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

இருந்தாலும் முதலில் கஞ்சியைக் கொடுங்கள். அதன் பிறகு வர முடிந்தால் வாருங்கள். அவசரப்பட்டு ஊட்டிப் புரைக்கேறினால் குழாய் நிச்சயம்.

தரிப்பில் வீதிப் பக்கமாக நிற்காதீர்கள், வழுக்கும். முதல் வண்டி வெறும் வண்டியாகத்தான் வரும்.

யூஜினி

*

ஜெராட் வீதி
14 பெப்ரவரி 1997

யூஜினிப் பிள்ளைக்கு,

ஐம்பதானாலும் பிள்ளைதான். இதை நீர் மாற்ற முடியாது.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், உம்முடைய ஆட்கள் உமக்குப் பாதிதான் சொல்லியிருப்பார்கள்.

இருட்டோடு தரிப்புக்குப் போனேன். கூரை, கம்பம், கம்பி எல்லாம் கண்ணாடி பூசினதுபோல் இருந்தது. கம்பி நெடுக நீல நெருப்புப் பறக்க, வெறும் வண்டி வந்தது. சாரதி ஒரு சீனப் பெடியன். நான் கை காட்டவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்வாங்கித்தான் நின்றேன். ஆனால் அவன் என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். மேலே நெருப்பு குறைந்து, உள்ளே விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கதவைத் திறக்கப் போகிறான் என்று கண்டேன். "நிக்காதை! போ! போடா தம்பி, போ!" என்று தமிழில் கத்தினேன், வாயில் வேறு பாசை வரவில்லை. இரண்டு கையாலும் மாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டினேன். அவன் பயந்துபோய் வண்டியை இழுத்தான். ஏற்றத்தில் ஒரு கணம் நின்றுதான் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு பெரிய நெருப்பு விட்டு ஏறிப் போய்விட்டது.

பின்னாலேயே பயணிகள் வண்டி வந்தது. தட்டு வருமுன் கட்டிலடியில் நின்றேன்.

டொக்டர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். தையல்நாயகி அவர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டா. வேறு கதை வராமல், சீனப் பெடியனை விரட்டிய கதையைச் சொன்னேன். "ஆரை?" என்று கேட்டா. கேட்க வாய் திறந்த இடத்தில் ஒரு கரண்டி வைத்தேன். பிறகு தானாகவே திறந்தா. பிளாஸ்க் முடிந்தது. குழாய் இப்போதைக்கு இல்லை, இன்னும் பார்ப்போம் என்று சொன்னார்கள். 'இப்போதைக்கு' என்பது கந்தோர்ச் சொல்தான், இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

விசாரணைக்குப் புறப்பட்ட வண்டி பாதி வழியில் நின்றது. தடி கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. இறங்கலாம் என்றால் கதவு திறக்கவில்லை, நீர் எழுதிய அதே ஈரம்தான். நானும் ஏழெட்டுப் பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரி இருந்தோம். ஒரு கறுப்பு இனப் பெண், "ஒவ்வொரு வருசமும் பனி வரும் எண்டு இவைக்குத் தெரியாதோ?" என்ற மாதிரி ஆங்கிலத்தில் பொரிந்தா. நான் எழுந்து கம்பியில் பனி பிடிப்பதைப் பற்றியும் வெறும் வண்டியைப் பற்றியும் விளக்கினேன். அவ என்னை நீங்கள் கம்பனி ஆளா என்று கேட்டா. சாரதி காலால் உதைத்துத்தான் கதவு திறந்தது. மீதியை நடந்தேன். இரண்டு தரம் விழுந்தேன், ஒன்றும் முறியவில்லை.

போனபோது எழுந்து கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வின்சன்ற் வெளியே வாங்குப் பலகையில் இருந்தான். என்னைக் கண்டு எழும்பி, "விழுந்தனீங்களோ, ஐயா?" என்று கோட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டான். அவனை நேரே பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

உள்ளே போய்ச் சொன்னேன்: என் பெட்டிசத்தில் இருக்கிற சம்பவம் முழுதும் உண்மை. அவன் என்னைக் கண்டான், நிற்காமல் போனான். நின்றிருந்தால் அதற்காகத்தான் நான் பெட்டிசம் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கு என் மனைவி வாயால் சாப்பிட்டது ஒரு வெறும் வண்டி எனக்காக நிற்காமல் போனதால்தான். கட்டளை இட்டவர் யார் என்றும் சொன்னேன். அவர் இந்த நேரம் எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். விசாரித்த மூன்று பேரும் காரில் வந்தவர்கள், சப்பாத்தில் ஒரு துளி ஈரமில்லை. வின்சன்றைத் திங்கட்கிழமை வண்டிக்கு விடுகிறோம் என்றார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன். தந்தார்கள்.

இப்போது உம்மிடம் ஒரு கேள்வி. வெளியே வரும்போது வின்சன்ற் சொன்னான்: "விடியக் காலமை நான் டிப்போவிலை நிக்கேக்கை, அக்கா அந்தச் சாரதியை றேடியோவிலை கூப்பிட்டு, ஜெராட்டிலை பையோடை ஒரு ஐயா நிப்பார், அவருக்கு மட்டும் நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னவ." அப்படியானால் எங்கும் நிற்கக் கூடாது, யாருக்கும் நிற்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தது யார்? அந்த ஏற்றத்தில் வண்டி நின்றுபோயிருந்தால் பின்னால் வந்தது எப்படி வந்திருக்கும்? தையல்நாயகி என்ன ஆகியிருப்பா? படித்த பிள்ளை செய்கிற வேலையா இது? இனிமேல் எனக்காக உம்முடைய கட்டளையை மாற்ற வேண்டாம். மாற்றினால் பெட்டிசம் வரும்.

இன்னொன்று. அந்த வண்டிகளில் சீற்றுக்குக் கீழே வருகிற சூடு ஒரு பக்கத்துக்குத்தான் வருகிறது. மற்றப் பக்கம் இருக்கிறவருக்குக் கால் விறைக்கிறது. கவனித்து ஆவன செய்யவும்.

சி. நவரட்ணம்

பிரதி: ஒருவருக்கும் இல்லை